காது கழற்றும் நேரம்

பள்ளி விட்டு வந்த ஆட்டோ எங்கள் வாசலில் நின்று உறுமிக்கொண்டிருந்தபோதுதான் பத்மஜாவின் போன் வந்தது. ஒரு கையில் மகளின் பை, மறு கையில் அவளுடைய தண்ணீர் பாட்டில். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கேட்கவில்லை, கேட்கவில்லை என்று தெலுங்கில் கத்தினேன். அவள் மறுபடி சொன்னாள். அப்போதும் பிடிபடவில்லை. என்னை அறியாமல் என் வலது கால் செருப்போடு தரையை அழுத்தியது. மருத்துவர்களின் பேச்சைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்தவர்களுக்கு இது புரியும். ஒரு சொல் நழுவினால் மேஜைக்கடியில் இருக்கும் பெடலை மிதித்து ஒலியைப் பின்னுக்கு ஓட்டுவோம். தெருவில் எதுவும் பின்னுக்கு ஓடாது. ஆட்டோக்காரர் யாதய்யாவிடம் இஞ்சினை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினேன். அவர் நிறுத்தினார், இறங்கினார், சுவர்ப் பக்கம் திரும்பி நின்று இருமினார். தெரு அடங்கியது.

"எஸ்தர் அக்கா போயாரு," என்றாள் பத்மஜா. போய்விட்டார். பாளையங்கோட்டையில், தம்பி வீட்டில், அன்று காலையில்.

இதை அப்போதே எழுதியிருக்க வேண்டும். முதலில் மகளுக்குக் காய்ச்சல், அப்புறம் எனக்கு, அப்புறம் உட்கார்ந்தால் கை வரவில்லை. தாமதமாகத்தான் எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் பலர் எஸ்தர் அக்காவைச் சிக்கந்தராபாத்தின் தமிழ் ஆராதனையில் பார்த்திருப்பீர்கள். பாடகர் குழுவின் இரண்டாவது வரிசையில், எல்லாரையும்விட ஒரு தலை உயரமாக நின்று, அடிக்குரலில் பாடுகிறவர். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் அல்ல. மாரெட்பள்ளி மாடியறையில் அவரோடு வேலை செய்தவள். நீங்கள் அவர் பாடிக் கேட்டவர்கள். அவர் மேஜைக்கடியில் மல்லாந்து படுத்து, வாயில் ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டு திட்டியதைக் கேட்டவள் நான். அந்த எஸ்தர் அக்காவையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாடியறையில் நாங்கள் நான்கு பேர். அக்கா, பத்மஜா, நஸ்ரீன், நான். அமெரிக்காவில் மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்ததெல்லாம் அவர்கள் ஊர் தூங்கப் போகும் நேரத்தில் எங்களுக்கு வந்து சேரும். அவர்கள் விழிப்பதற்குள் நாங்கள் தட்டி அனுப்ப வேண்டும். நான் சேர்ந்தபோது மகள் மித்ராவுக்கு ஒரு வயது. அவள் விழுங்கினாலும் பயம், விழுங்காவிட்டாலும் பயம் என்று நான் இருந்த காலம். முதல் வாரத்திலேயே ஒரு குழந்தைகள் மருத்துவர், மூச்சு நின்ற ஒரு பிள்ளையின் கேஸோடு என் காதில் வந்தார். பாதி தட்டிவிட்டு, ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு, குழந்தைக் காப்பகத்துக்கு ஓடிப்போய்த் தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பி மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். திரும்பி வந்தபோது அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பதிவை முடித்திருந்தார்.

"ஏட்டி, இனிமே பிள்ளைங்க கேஸ் எல்லாம் எனக்கு அனுப்பிரு. உனக்கு எலும்பு. எலும்பு முறிஞ்சா ஒட்டிக்கிடும். நீ நிம்மதியா எலும்பத் தட்டு."

அன்றிலிருந்து நான் அமெரிக்கக் கிழவர்களின் இடுப்பெலும்புகளைத் தட்டினேன். அக்காவுக்குப் பிள்ளை இல்லை, கல்யாணமும் இல்லை. அந்தக் கொடுமைகளையெல்லாம் அவர் ஒருவரே காதில் வாங்கிக்கொண்டார். அவற்றைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எங்கள் கோப்புகள் அனைத்தும் அக்காவின் மேஜைக்கடியில் இருந்த ஒரு சாதாரண டெஸ்க்டாப்பில்தான் சேர்ந்தன. ஒரு நாள் அதன் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைத்துவிட்டு நின்றது. தட்டி முடித்து அனுப்பக் காத்திருந்த பதிவுகள் மொத்தமும் போயின. முதலிலிருந்து தட்டினோம், நேரம் தவறியது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலையை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்று எங்களுக்கு வேலை தந்த கம்பெனி எழுதியது. நஸ்ரீன் வீட்டில் அந்த வேலையால்தான் அடுப்பு எரிந்தது. அக்கா டிஸ்க்கை மாற்றினார். பிறகு பாரடைஸ் சந்திப்புப் பக்கத்துக் கடைக்குப் போய், ஒரு ரெய்டு கார்டும், மாற்றிய டிஸ்க்கைப் போலவே அதே தயாரிப்பு, அதே அளவில் இன்னொரு டிஸ்க்கும் வாங்கி வந்தார். எழுதுவதையெல்லாம் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதும் கார்டு அது. ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும்.

மாட்டித்தர வேண்டிய கடைக்காரப் பையன், நிமஜ்ஜனம் முடிந்துதான் வருவேன் என்றுவிட்டான். பிள்ளையார்களை ஏரிக்குக் கொண்டுபோகும் நாளில் இந்த ஊரில் யாரும் எங்கும் நகர முடியாது. சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "வீக்கெண்ட்ல பாத்துக்கலாமே," என்றார். அந்த வீக்கெண்ட் எது என்று அவர் சொல்லவில்லை. அமெரிக்காவிலும் அன்று ஏதோ விடுமுறை, பதிவுகள் வரவில்லை. "நம்மளே மாட்டுவோம்," என்றார் அக்கா.

தெருவெல்லாம் மேளம். அக்கா கையேட்டை மடியில் விரித்துவைத்து, பைபிள் வாசிப்பதைப் போல விரலை வரி வரியாக ஓட்டிப் படித்தார். முதலில் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை ஃப்ளாப்பியிலிருந்து ஏற்ற வேண்டும், அதற்கப்புறம்தான் டிஸ்க்கைக் கார்டுக்கு மாற்ற வேண்டும், மாற்றிச் செய்தால் மெஷின் எழுந்திருக்காது. அதைச் செய்தோம். நான் டார்ச் பிடித்தேன். கார்டு அதன் பள்ளத்தில் உட்காரவே மாட்டேன் என்றது. அழுத்தினால் உடைந்துவிடும் என்று நான் அலற, அழுத்தாவிட்டால் உட்காராது என்று அவர் திட்ட, டக்கென்று உட்கார்ந்தது.

பழைய டிஸ்க்கைக் கழற்றும் முன் அக்கா கையை நிறுத்தினார். இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன.

"ஏட்டி, உன் பொட்டக் கழட்டு."

"ஐயோ அக்கா, நல்ல நாளும் அதுவுமா பொட்ட எடுக்கச் சொல்றீங்களே!"

"பின்ன என் நெத்தியிலயா இருக்கு? கழட்டு. வீட்டுக்குப் போயி இன்னொண்ணு ஒட்டிக்கோ. நெறஞ்சதுக்குப் பொட்டு, மொட்டைக்குப் பொட்டு இல்ல. வெளங்குதா?"

"கைக்கு டர்தீ மா?" என்று நஸ்ரீன் சிரித்தாள். எதற்கெடுத்தாலும் ஏன் பயப்படுகிறாய் என்று அவள் என்னைக் கேட்காத நாள் கிடையாது. பொட்டை எடுத்துக் கொடுத்தேன். பாதி வேலையில், நெற்றி காலியாக இருக்கிறதே என்று நஸ்ரீனின் கண் மையைத் தொட்டு வைத்துக்கொண்டேன். அதற்கும் சிரித்தார்கள்.

மெஷினைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்தன. இரண்டிலும் ஒரே பெயர், ஒரே எண். எதிலிருந்து எதற்கு நகலெடுக்க வேண்டும் என்று கார்டு கேட்டது. தப்பாகச் சொன்னால், மொட்டை டிஸ்க்கில் இருக்கும் ஒன்றுமில்லாததை நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதி இரண்டையும் மொட்டையாக்கிவிடும். "மொத வரிதான்க்கா பழசு, முதல்லேர்ந்து இருக்கறது அதுதானே," என்றேன். பத்மஜாவும் அதையே சொன்னாள்.

அக்கா எங்கள் இருவரையும் பார்த்தார். மெஷினை அணைத்தார். பொட்டு இல்லாத டிஸ்க்கின் கரண்ட் வயரைப் பிடுங்கினார். மறுபடி போட்டார். முதல் வரி காணாமல் போயிருந்தது. அதுதான் மொட்டை. நாங்கள் சொன்னதைக் கேட்டிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

"இருக்கறதக் கண்டுபிடிக்கணும்னா, இல்லாமப் பண்ணிப் பாக்கணும்ட்டி," என்றார். அன்று அதற்கும் சிரித்தோம். இப்போது என்னால் சிரிக்க முடியவில்லை.

குளிர்காலம் வந்தது. காப்பகத்தில் அம்மை என்று மித்ராவை ஆபீசுக்கு அழைத்து வந்துவிடுவேன். அக்காவின் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பாயைப் போட்டு உட்காரவைப்பேன். இரண்டு வயது நெருங்கியும் அவள் பேசவில்லை. வீட்டில் தமிழ், காப்பகத்தில் தெலுங்கு, கீழ்வீட்டில் ஹிந்தி, மூன்றும் சேர்ந்து குழப்புகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் நம்பவில்லை. காது கேட்கவில்லையோ என்று அவள் முதுகுக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்ப்பேன். ஒரு நாள் தட்டச்சுக்கு நடுவில் அவளைத் திரும்பிப் பார்த்தேன். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண் மேஜைக்காலிலேயே நிலைத்திருந்தது. வாய் குவிந்து குவிந்து விரிந்தது. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி குவிந்தது. வலிப்பு என்றே முடிவு செய்தேன். ஹெட்போனோடு எழுந்து ஓடியதில் வயர் அறுந்தது. அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு கத்தினேன்.

அக்கா வந்தார். குழந்தையின் முகத்தைப் பார்த்தார். "கீ," என்றாள் மித்ரா. கொஞ்சம் பொறுத்து, "கீ."

"காதக் கழட்டுங்கட்டி எல்லாரும்," என்றார் அக்கா. ஹெட்போனை நாங்கள் காது என்றுதான் சொல்வோம். "ஃபேன நிறுத்து. ஏட்டி, நீயும் வாய மூடு."

அறை அடங்கியது. மேஜைக்கடியில் இருந்து, மெல்லியதாக, "கீ." என் தோளில் இருந்தவள் சமர்த்தாகப் பதில் சொன்னாள், "கீ."

டிஸ்க் செத்தால் அந்தக் கார்டு ஒரு பஸ்ஸரை அடிக்கும். எப்போதிலிருந்து அடித்துக்கொண்டிருந்ததோ தெரியாது. அன்று காலையிலிருந்து இருக்கலாம், முந்தைய நாளிலிருந்தும் இருக்கலாம். காதை அடைத்துக்கொண்டு வேலை செய்யும் நான்கு பெண்களின் நடுவில், சத்தத்தால் மட்டுமே சொல்லத் தெரிந்த ஒரு பொருளை வைத்திருந்தோம். மெஷின் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

"உன் பிள்ளைக்குக் காது நல்லாத்தான் கேக்கு. நம்ம நாலு பேருக்குத்தான் கேக்கல," என்றார் அக்கா. எத்தனை மருத்துவர் சொல்லியிருந்தாலும் அந்த ஒரு வார்த்தை தந்த நிம்மதியைத் தந்திருக்க முடியாது. நான் அழுததைப் பார்த்துப் பத்மஜாவும் அழுதாள்.

செத்தது பொட்டு வைத்த டிஸ்க். என் கை நெற்றிப் பொட்டுக்குப் போனது. "பொட்டு வச்சா டிஸ்க்குக்கு ஆயுசு கூடுமாட்டி?" என்று அதட்டிவிட்டு, என்னிடமிருந்து இன்னொரு பொட்டு வாங்கி, உயிரோடிருந்த டிஸ்க்கில் ஒட்டினார். "இப்ப இதுதான் நெறஞ்சது." புது டிஸ்க் வாங்கி வந்து மாட்டி, நகல் முழுதாக ஏறும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். ஒரு டிஸ்க்கிலேயே ஓடுகிறதே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதற்கு அவர் சொன்ன பதில் இது:

"ஓடுறது வேற, நல்லா இருக்கறது வேற. மாத்துறதுக்குத் தவணை குடுக்கத்தாம் அது ஓடுது."

அதற்கு அடுத்த நாள் முதல் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். தேநீர் வருவதற்கு முன்னால் எல்லாரும் காதைக் கழற்றிவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். பஸ்ஸர் அடிக்கிறதா என்று கேட்பதற்காக. காது கழற்றும் நேரம் என்று அதற்குப் பெயர். முதலில் சிரிப்பாக இருந்தது. பத்மஜாவின் வயிறு உறுமும். நஸ்ரீனின் வளையல் சிணுங்கும். கீழே பழைய பேப்பர்காரரின் கூவல் கேட்கும். நாளடைவில் எங்களுக்கு அது பிடித்துப்போனது. நாள் முழுக்க முகம் தெரியாதவர்களின் நோய்களைக் கேட்ட காதுக்கு அது ஒன்றுதான் ஓய்வு.

அந்த அமைதியில்தான் அக்காவின் இருமலை முதலில் கேட்டேன். வறட்டு இருமல். கோடை வந்தும் போகவில்லை. மூச்சின் கடைசியில் ஒரு சீழ்க்கை சேர்ந்துகொண்டது.

"அக்கா, ஒரு எக்ஸ்ரே எடுத்துரலாம்க்கா."

"தூசுட்டி. இந்த ஊர்ல யாரு இருமல?"

"வாரக் கணக்கா இருக்குக்கா. நாமளே எவ்வளவு தட்டியிருக்கோம்!"

"கேட்டியளா? நம்ம ஆபீஸ்ல ரெண்டு பஸ்ஸர். ஒண்ணு மெஷின்ல, ஒண்ணு இவ. மெஷினாவது டிஸ்க் செத்தாத்தான் அடிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் கேஸ் நாற்றம் என்று சொல்லிக் கட்டடத்தையே காலி செய்ய வைத்தவள். நஸ்ரீனின் கழுத்து மச்சத்தைப் பார்த்துப் புற்று என்று பயந்தவள். என் சொல்லை யார் கேட்பார்கள்? ஆனாலும் விடவில்லை. தினமும் சொன்னேன். "நக்கோ மா, சோடோ," போதும் விடு என்று நஸ்ரீன்கூட அலுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் அக்கா காது கழற்றும் நேரத்தை நிறுத்திவிட்டார். "வேலை கூடிப்போச்சு. டிஸ்க்குக்கு எதும் ஆனா என் ஸ்க்ரீன்லயே எழுத்து வாரமாதிரி பண்ணிட்டேன். நான் பாத்துக்கிடுதேன், நீங்க காத மாட்டுங்க." நாங்கள் மாட்டிக்கொண்டோம். தேநீரையும் ஹெட்போனோடுதான் குடித்தோம். அவர் இருமல் நின்றுவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். எங்கள் காதுகளுக்குள் அமெரிக்கர்கள் இருமிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் இரண்டாவது வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்ததை நீங்கள் கவனித்திருப்பீர்கள். உங்களிடமும் வேலை என்றுதான் சொல்லியிருப்பார்.

அடுத்த கோடையில் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். கையில் சாவிக்கொத்து இருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. நஸ்ரீனும் நானும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இளம் மருத்துவர் ஒருவர், எத்தனை நாளாக இருமல், எடை குறைந்ததா, ரத்தம் வந்ததா என்று கேட்டார். எங்களுக்கு வரும் பதிவுகளில், நோயாளி தனக்கு ஒன்று இல்லை என்று சொன்னால், மருத்துவர்கள் 'டினைஸ்' என்பார்கள். ஒரு நாளைக்கு நூறு தடவை தட்டுவோம். அக்கா மூச்சு வாங்க வாங்க, "டினைஸ் காஃப், டினைஸ் வெயிட் லாஸ்னு போட்டுக்கிடுங்க டாக்டர்," என்றார். அந்த மருத்துவருக்குப் புரியவில்லை. நஸ்ரீன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

நுரையீரலில் இருந்த புற்று எல்லா இடத்துக்கும் போயிருந்தது. வார்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முன்னாலேயே தெரியுமா உங்களுக்கு என்று கேட்டேன். தெரியும் என்று தலையை அசைத்தார். முதல் எக்ஸ்ரேயைத் தனியாகப் போய் எடுத்திருக்கிறார். அறிக்கையைப் படிக்க அவருக்கு மருத்துவர் தேவைப்படவில்லை.

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா? நான் ஆஸ்பத்திரியில படுத்தா வேலைய வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போயிருவான். நஸ்ரீன் என்ன செய்வா? ஒரு டிஸ்க் போனாலும் மெஷின் ஓடும்லா?"

"மாத்துறதுக்குத் தவணை குடுக்கத்தான் ஓடுதுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க!"

என் குரல் உயர்ந்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்தார். பிறகு, "சத்தமாப் பேசாதட்டி. பக்கத்துப் பெட்டுக்காரி முழிச்சிக்கிடுவா," என்றார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அந்த வாரமே தம்பி வந்து ஊருக்கு அழைத்துப்போனார். நல்ல காரியம் செய்துவிட்டார், எங்களுக்காகத் தன்னைக் கொடுத்துவிட்டார் என்றெல்லாம் அன்று ரயிலடியில் பேசிக்கொண்டார்கள். என்னால் அப்படிப் பேச முடியவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் இருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் வேறு வேலை தேடியிருப்போம். கஷ்டப்பட்டிருப்போம். அவர் ஊருக்குப் போன பிறகு அந்த வேலை எப்படியும் வேறு ஊருக்குப் போனது. நாங்கள் வேறு வேலை தேடினோம், கஷ்டப்பட்டோம்.

மெஷின் யாரிடம் போனது என்று தெரியாது. கார்டு எனக்கு வேண்டாம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் கொண்டுவந்து அவரே நிறுத்திய அந்த வழக்கம். சாயங்காலம் மித்ரா பள்ளியிலிருந்து வந்து பால் குடித்ததும் டிவியை, ஃபேனை, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்காருகிறோம். இப்போது அவள் மூன்று மொழியில் வாய் ஓயாமல் பேசுகிறாள். அந்த நேரத்தில் மட்டும் வாயில் விரலை வைத்துக்கொள்வாள். "அம்மா, ஃப்ரிட்ஜ். அம்மா, கீழ் ஆன்ட்டி குக்கர். அம்மா, நீ," என்று கேட்பதையெல்லாம் கிசுகிசுத்துச் சொல்வாள்.

இன்னொன்றும் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் எனக்கு வைத்த பெயர், பஸ்ஸர். யாதய்யாவின் இருமல் மழைக்காலம் முடிந்தும் நிற்கவில்லை. எக்ஸ்ரே எடுங்கள் என்று தினமும் ஆட்டோ வாசலில் நிற்கும்போது சொல்கிறேன். "புகை மேடம், ஊர் முழுக்கப் புகை," என்று சிரிக்கிறார். பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். நேற்றும் சொன்னேன். நாளைக்கும் சொல்வேன்.